கதவைத் திறக்கும் முன் ஜன்னலைத் திறந்திருக்க வேண்டும்

கோவிட் ஊரடங்கில் இரண்டு மாதத்துக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்த எங்கள் அலுவலகத்தை 2020-இல் மறுபடியும் திறந்தபோது, அதற்கான ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்ட மூன்று பேரில் நானும் ஒருத்தி. நிர்வாகப் பிரிவில் வேலை செய்கிறேன். கட்டடத்தில் விளக்கு எரியவில்லை, குழாய் ஒழுகுகிறது, நாற்காலி ஆடுகிறது என்றால் எனக்குத்தான் அழைப்பு வரும். அதனால் திறப்பு வேலையும் என் மேசைக்கே வந்து சேர்ந்தது.

அந்த நாட்களில் நான் போட்ட பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. தரையில் ஆறடிக்கு ஒரு மஞ்சள் வட்டம். மேசைகளுக்கு நடுவே அக்ரிலிக் தடுப்பு. காலால் மிதித்தால் கையில் விழும் சானிடைசர் ஸ்டாண்டு. வாசலில் நெற்றியில் காட்டும் வெப்பமானி. ஒரு நாளைக்கு மூன்று முறை மேசை, கைப்பிடி, லிஃப்ட் பொத்தான் துடைத்து, துடைத்தவர் கையெழுத்துப் போட ஒரு பதிவேடு. மொத்தம் 31 வரிகள். காற்று என்ற சொல் அதில் ஒரு இடத்திலும் இல்லை.

காவலாளி அண்ணன்தான் முதலில் சந்தேகத்தைக் கிளப்பினார். இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ என்னைக் கூப்பிட்டு, "மேடம், வெயில்ல நடந்து வர்றவங்களுக்கு நம்பர் ஏறுது. ஏசி வண்டியில வர்றவங்களுக்கு இறங்குது. இதை வெச்சு நான் யாரை நிறுத்துறது?" என்று கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி. அதோடு இன்னொன்றும் உண்டு. கோவிட் வந்தவர் தனக்கு எதுவும் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பிறருக்குப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். சிலருக்குக் காய்ச்சலே வருவதில்லை. ஆக, நன்றாக வேலை செய்கிற வெப்பமானியாக இருந்தாலும் அவர்களை அது உள்ளே விட்டுவிடும். அப்போது எனக்கு இது தெரியாது. "இருக்கட்டும் அண்ணா, எல்லாரும் இப்படித்தான் செய்யறாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் கணக்குப் பிரிவில் ஒருவருக்கு உறுதியானது. அடுத்த எட்டு நாளில் அதே அறையில் மேலும் ஐந்து பேர். அறையில் இருந்தது மொத்தமே 11 பேர். அவர்களில் என் தோழி ஒருத்தி, ஆக்சிஜன் வைத்து ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தாள். பிழைத்து வந்தாள். ஆனால் அந்த ஒன்பது நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. அவள் மேசை, முதலில் நோய் வந்தவரின் மேசையிலிருந்து அறையின் அந்தக் கோடி. பதிமூன்று அடி, நானே டேப் வைத்து அளந்து போட்டது. பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு நாள் விடாமல் மூன்று வேளையும் துடைத்திருந்தார்கள், கையெழுத்து இருந்தது. எல்லாம் செய்த பிறகும் எப்படி?

அந்தக் கேள்விதான் என்னை ராத்திரி எல்லாம் உட்கார்ந்து படிக்க வைத்தது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் ஒரு சேர்ந்திசைக் குழு 2020 மார்ச் 10 மாலை பயிற்சிக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். வாசலில் சானிடைசர் வைத்திருந்தார்கள், கைகுலுக்கல், கட்டித்தழுவல் எல்லாம் வேண்டாம் என்று தவிர்த்தார்கள். இரண்டரை மணி நேரப் பயிற்சி. வந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் சளி மாதிரி ஏதோ இருந்தது. கடைசியில், பரிசோதனையில் உறுதியானவர்களும் அறிகுறியை வைத்துச் சொல்லப்பட்டவர்களுமாக அவரோடு சேர்த்து 53 பேருக்கு நோய். இருவர் இறந்துபோனார்கள். அவர்கள் செய்த முன்னெச்சரிக்கையும் நாங்கள் செய்ததும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அதைவிட என்னை உலுக்கியது சியோல் நகரத்துக் கால் சென்டர். 2020 மார்ச்சில், ஒரு உயரமான கட்டடத்தின் 11-ஆம் மாடியில் 216 பேர் நெருக்கி உட்கார்ந்து நாள் முழுக்கத் தொலைபேசியில் பேசும் இடம். அவர்களில் 94 பேருக்குத் தொற்று. கட்டடம் முழுவதும் 1,143 பேரைப் பரிசோதித்ததில் மொத்தம் 97 பேருக்குத்தான் இருந்தது. அதாவது மற்ற எல்லா மாடிகளிலும் சேர்த்து மூன்றே பேர். எல்லோரும் அதே லிஃப்டில் ஏறினார்கள், அதே பொத்தானைத் தொட்டார்கள், அதே முகப்புக் கூடத்தில் நின்றார்கள். பொத்தான்தான் காரணம் என்றால் நோய் எல்லா மாடிக்கும் போயிருக்க வேண்டும். அது போகவில்லை. ஒரே அறையில், மணிக்கணக்கில், பேசிக்கொண்டே இருந்தவர்களுக்குத்தான் வந்தது. அந்த மாடியின் வரைபடத்தில் நோய் வந்தவர்களின் இருக்கைகளுக்கு நீல நிறம் கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் முழுக்க நீலம். அதைப் பார்த்ததும் எனக்குக் கணக்குப் பிரிவுதான் கண்ணில் வந்தது.

மூச்சிலும் பேச்சிலும் வெளிவரும் நுண்துளிகள் வழியாக இந்த நோய் காற்றில் பரவுகிறதா என்பதில் பெரிய நிறுவனங்களே அப்போது குழம்பித்தான் இருந்தன. 2020 மார்ச் 28 அன்று உலகச் சுகாதார நிறுவனம், கோவிட் காற்றில் பரவுவதில்லை என்று சமூக ஊடகத்தில் அடித்துச் சொன்னது. ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்ட் மில்டன் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு கடிதம் எழுத, அதற்கு 239 விஞ்ஞானிகள் ஆதரவு தந்து, இது காற்றில் பரவுகிறது, இனியாவது அதற்கேற்ப நடவடிக்கை எடுங்கள் என்று கேட்டார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இது தெளிவாக ஏறியது 2021 ஏப்ரல் கடைசியில். அதே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், தொற்று இருக்கும் ஒரு பரப்பைத் தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாக 10,000-இல் ஒன்றுக்கும் கீழ் என்று சொன்னது. ஒரு வருடத்துக்கும் மேலாக உலகம் முழுக்க எத்தனை கைகள் எத்தனை மேசைகளைத் துடைத்தன என்று நினைத்தால் மனசு கனக்கிறது. துடைத்தது தப்பில்லை. கை கழுவுவது எப்போதும் நல்லது. அந்த உழைப்பிலும் பணத்திலும் பாதி ஜன்னல் பக்கம் போயிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

எங்கள் கட்டடத்தின் ஜன்னல்கள் திறக்காது. ஏசி போட்டபோது குளிர் வெளியே போகக்கூடாது என்று ஸ்குரு அடித்து, மேலே பெயின்டும் பூசிவிட்டார்கள். அது நடந்து பல வருடமாகிவிட்டதால், அவை திறக்கக்கூடிய ஜன்னல்கள் என்பதே எங்கள் யாருக்கும் நினைவில் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்கள் பலரும் இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிர்வித்து, அதே அறைக்குள் திருப்பி விடுகிறது. வெளியே தொங்கும் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பெட்டிக்கும் நடுவில் குழாயில் ஓடுவது குளிர்பதனப் பொருள்தான், காற்று இல்லை. அதில் இருக்கும் வலை தூசியைப் பிடிக்கும், இந்தக் கிருமியைச் சுமக்கும் நுண்துளிகளைப் பிடிக்காது. ஜில்லென்று இருக்கிற அறை சுத்தமான அறை மாதிரித் தோன்றும். உண்மையில் பத்துப் பேர் விட்ட மூச்சு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். 2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்சோவில் ஜன்னல் இல்லாத ஒரு உணவக மாடியில் நடந்ததும் இதுதான். பக்கத்துப் பக்கத்து மூன்று மேசைகளில் இருந்த மூன்று குடும்பங்கள், ஒரே ஏசியின் காற்றோட்டப் பாதையில். 10 பேருக்கு நோய். வேறு மேசைகளில் இருந்தவர்களுக்கு வரவில்லை.

தெரிந்தவர் ஒருவரிடமிருந்து கரியமில வாயு மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். உள்ளங்கை அளவுதான். திறந்தவெளியில் ஏறக்குறைய 420 காட்டும், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு கரியமில வாயு. நாம் வெளிவிடும் மூச்சில் அந்த வாயு ஏகப்பட்டது, பத்து லட்சத்தில் 38,000 பங்கு அளவுக்கு. ஆகவே அறைக்குள் எண் ஏற ஏற, அடுத்தவர் விட்ட மூச்சை நாம் எடுக்கும் அளவும் ஏறுகிறது என்று பொருள். கிருமி இருக்கிறதா இல்லையா என்று மீட்டர் சொல்லாது. காற்று மாறுகிறதா என்று சொல்லும்.

கூட்ட அறையில் ஒன்பது பேர், கதவு மூடி, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லாமல் மீட்டரை மேசை நடுவில் வைத்தேன். ஆரம்பத்தில் 560. இருபது நிமிடத்தில் 1,100. ஐம்பதாவது நிமிடம் 1,840. நாங்கள் இழுத்த காற்றில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு ஏற்கெனவே யாரோ ஒருவருடைய நுரையீரலுக்குள் போய் வந்தது. எண்ணைத் திருப்பி மேலதிகாரி பக்கம் காட்டி, என்ன அர்த்தம் என்று சொன்னேன். அறை அமைதியாகிவிட்டது. பிறகு எழுந்துபோய்க் கதவைத் திறந்தவர் அவர்தான்.

மறுநாளே தச்சரை வரவழைத்தோம். பெயின்டைச் சுரண்டி, துருப்பிடித்த ஸ்குருக்களை எடுக்க ஒன்றரை நாள் பிடித்தது. நான்கு ஜன்னல் திறந்தது, ஒன்று வரவே இல்லை. எதிரெதிரே இரண்டு ஜன்னல் ஒரு கை அகலம் திறந்து, வெளியே பார்த்து ஒரு மேசை விசிறியையும் வைத்ததும் அதே அறையில் எண் 700-ஐத் தாண்டவில்லை. ஏசியும் ஓடியது. மின்சாரச் செலவு கொஞ்சம் கூடியது உண்மைதான். ஜன்னலே இல்லாத ஆவண அறைக்கு, 2020-இல் ரிச்சர்ட் கோர்சியும் ஜிம் ரோசென்தாலும் யோசித்துச் சொன்ன, காற்றை வடிகட்டும் பெட்டியைச் செய்து வைத்தோம். நுண்துகள்களையும் பிடிக்கும் மெர்வ் 13 தரத்து ஃபில்டர்கள் நான்கைப் பெட்டி மாதிரி டேப்பால் ஒட்டி, அடியில் அட்டை, மேலே ஒரு பெட்டி விசிறி. அரை மணி நேர வேலை. சத்தம் வரும். ஆனால் நுண்துளிகளை நன்றாகவே பிடிக்கும்.

ஆக்ரிலிக் தடுப்புகளை என்ன செய்வது என்று கேட்டார்கள். எடுத்துவிடச் சொன்னேன். புகை மாதிரிப் பரவும் ஒன்றுக்கு அது சுவர் இல்லை, காற்றோட்டத்துக்கு இடைஞ்சல்தான்.

சரி, அலுவலகம் ஒரு மாதிரி ஒழுங்கானது. ஆனால் அங்கே வந்து சேர்வது? எங்களில் பெரும்பாலோர் பேருந்திலும் ரயிலிலும் வருகிறவர்கள்.

பேருந்தைப் பற்றி யோசிக்கும்போது 2020 ஜனவரி 19 அன்று சீனாவின் செஜியாங் மாகாணத்தில் ஓடிய இரண்டு பேருந்துகள் எனக்கு நினைவுக்கு வரும். ஒரே வழிபாட்டு நிகழ்ச்சிக்குப் போனவர்கள், இரண்டு வண்டியில் பிரிந்து போனார்கள். ஒரு வண்டியில் 60 பேர், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இன்னொன்றில் நோயுள்ள ஒருவரையும் சேர்த்து 68 பேர். போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம். ஏசி உள்காற்றையே சுற்றிவிடும்படி வைக்கப்பட்டிருந்தது. அவரைத் தவிர 23 பேருக்கு நோய் வந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் இல்லை, பல வரிசை தள்ளி இருந்தவர்களுக்கும் வந்தது. கதவை ஒட்டி இருந்தவர்களுக்கும் ஓட்டுநருக்கும் வரவில்லை.

நானும் மீட்டரைப் பையின் வெளியே மாட்டிக்கொண்டு ஒரு வாரம் பயணம் செய்தேன். ஜன்னல் எல்லாம் சாத்தி, நிற்க இடமில்லாமல் போன காலை வண்டியில் 2,900 வரை போனது. அதே தடத்தில், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு ஜன்னல் திறந்திருந்த நாளில் 900. முன்னும் பின்னும் திறப்பதுதான் விஷயம். வண்டி ஓடும்போது காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். ஒரே இடத்தில் அகலத் திறப்பதைவிட, எதிரெதிர் முனையில் நாலு விரல் திறப்பது மேல். மழை நாளிலும் அதைச் செய்யலாம். மாஸ்க்கும் மூக்கை விட்டு இறங்காமல் இருந்தால், பேச்சும் குறைவாக இருந்தால், அரை மணி நேரப் பயணம் அவ்வளவு பயப்பட வேண்டியதாக இருக்காது. சத்தமாகப் பேசும்போது வெளிவரும் துகள்கள் மெல்லப் பேசும்போது வருவதைப் போலப் பல மடங்கு. ஜப்பானில் 2020 தொடக்கத்திலேயே அடைத்த இடம், கூட்டம், நெருங்கிய பேச்சு என்ற மூன்றையும் தவிர்க்கச் சொன்னார்கள். ரயில்கள் ஜன்னலைத் திறந்துவைத்து ஓடின.

ஓட்டுநரின் நிலை வேறு. பயணி அரை மணியில் இறங்கிவிடுவார். ஓட்டுநர் எட்டு மணி நேரம் அங்கேயே இருப்பார், ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் முகத்துக்கு அருகே ஒருவர் ஏறுவார். லண்டனில் பல பேருந்து ஓட்டுநர்கள் இறந்த பிறகுதான், 2020 ஏப்ரலில், பயணிகள் நடுக்கதவு வழியாக ஏற வேண்டும் என்று மாற்றினார்கள். கட்டணம் வாங்கும் கருவி முன்கதவில் இருந்ததால், கட்டணம் போனாலும் பரவாயில்லை என்றே விட்டார்கள். ஓட்டுநரின் முன்னால் இருந்த கண்ணாடித் தடுப்பில் பேசுவதற்காக விட்டிருந்த துளைகளையும் அடைத்தார்கள். அந்த முடிவு சில வாரங்கள் முன்னால் வந்திருந்தால் எத்தனை வீடுகள் தப்பியிருக்கும்.

கூட்டத்தைக் குறைப்பது போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு என்றே நாம் நினைக்கிறோம். வண்டிகளை அதிகமாக விடுவது அவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் எல்லோரையும் ஒன்பது மணிக்கு வரச்சொல்வது யார்? நாங்கள்தானே. 1918 அக்டோபரில், இன்ஃப்ளூயன்சா பரவியபோது, நியூயார்க்கின் சுகாதார ஆணையர் ராயல் கோப்லாண்ட் இதைப் புரிந்துகொண்டார். சுரங்க ரயிலில் எல்லோரும் ஒரே நேரத்தில் அடைந்துகொள்ளக் கூடாது என்று கடைகள், அலுவலகங்கள், தொழிற்கூடங்கள் திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் தொழில்வாரியாகப் பிரித்து உத்தரவு போட்டார். கணினி இல்லாத காலத்தில் ஒரு பெருநகரத்துக்கே அட்டவணை போட முடிந்திருக்கிறது. எழுபது பேர் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் எட்டு, ஒன்பதரை, பதினொன்று என்று மூன்று நேரம் பிரிக்க, "ஒழுங்கு கெட்டுவிடும்" என்ற பயத்தைத் தாண்டி வர இரண்டு வாரம் ஆனது. ஒழுங்கு ஒன்றும் கெடவில்லை. பதினொரு மணிக்கு வந்தவர்கள் வண்டியில் உட்கார்ந்து வந்தார்கள்.

நடுவில் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் மூடியிருந்த கட்டடத்தின் குழாய்களில் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரக்கூடும். குடிப்பதால் வருவதைவிட, அந்த நீரின் சாரலை மூச்சில் இழுப்பதால் வரும் நிமோனியா அது. 1976-இல் பிலடெல்பியாவில் ஒரு விடுதியில் கூடியவர்களைத் தாக்கி, 34 பேரைக் கொன்ற பிறகுதான் அந்தக் கிருமியையே கண்டுபிடித்தார்கள். நாங்கள் மூன்றாம் மாடிக் குழாயை முதன்முதலில் திறந்தபோது பழுப்பாக ஒரு நிமிடம் கொட்டியது. ஆட்கள் வருவதற்கு முன்பே ஒவ்வொரு குழாயையும் பல நிமிடம் ஓடவிட வேண்டும், தொட்டியைக் கழுவ வேண்டும், நீண்ட நாள் மூடியிருந்தால் நீரைச் சோதிக்கவும் வேண்டும்.

இனி, எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி.

கணக்குப் பிரிவில் முதலில் நோய் வந்தவர் எங்களைவிட இளையவர், ஒப்பந்த ஊழியர். அவருக்கு விடுப்பு என்று தனியாகக் கிடையாது. வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. குணமாகித் திரும்பி வந்த பிறகு ஒரு நாள் என்னிடம் சொன்னார். "அக்கா, ஞாயித்துக்கிழமையே உடம்பு கணகணன்னு இருந்துச்சு. பாராசிட்டமால் போட்டுட்டுத்தான் வந்தேன். வாசல்ல 36.5 காட்டுச்சு. ஏற்கெனவே ரெண்டு மாசச் சம்பளம் போயிருச்சு அக்கா." என் தோழி மருத்துவமனையில் இருந்த நாட்களை அவர் மனசில் எப்படிச் சுமக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நான் அவர் மேல் துளியும் கோபப்படவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் வந்திருப்பேன். அவரை அங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது நாங்கள் வைத்திருந்த விதி. நான் போட்ட 31 வரிப் பட்டியலில் விடுப்பு என்ற சொல்லும் இல்லை.

இதற்கு ஆதாரம் தேடிப்போனபோது ஒரு ஆய்வு கிடைத்தது. அமெரிக்காவில் 2020 மார்ச்சில் போட்ட சட்டம், தகுதியுள்ள தொழிலாளர்களுக்கு இரண்டு வாரம் வரை சம்பளத்தோடு நோய் விடுப்பு தந்தது. அதற்கு முன்பு அந்த உரிமை இல்லாத மாநிலங்களில், சட்டத்துக்குப் பிறகு மாநிலத்துக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 தொற்றுகள் குறைந்தன என்று கணக்கிட்டிருந்தார்கள். ஒரு தடுப்பும் வைக்காமல், ஒரு மேசையும் துடைக்காமல், வீட்டில் படுத்திருக்க அனுமதித்ததால் மட்டும்.

அந்தத் தாளை அச்செடுத்து மேலே அனுப்பினேன். கேள்விகள் வந்தன. பொய் சொல்லி விடுப்பு எடுத்தால்? மருத்துவச் சான்று வேண்டாமா? சான்று வாங்க அவர் காய்ச்சலோடு ஒரு காத்திருப்பு அறையில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும் என்று பதில் எழுதினேன். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். காய்ச்சல், இருமல், தொண்டைவலி என்றால் முதல் ஐந்து நாளுக்குச் சம்பளம் பிடிக்கப்படாது, சான்று தேவையில்லை, ஒப்பந்த ஊழியர், துப்புரவுப் பணியாளர், காவலாளி எல்லோருக்கும் சேர்த்து. முதல் ஆளாக அதை எடுத்தவர் காவலாளி அண்ணன். விடியற்காலை போன் செய்து, "மேடம், தொண்டை கரகரங்குது. நிஜமாவே வராம இருக்கலாமா?" என்று இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் ஆமாம் என்றேன். அவருக்குத் தொற்று இருந்தது. எங்களில் வேறு யாருக்கும் அந்த வாரம் வரவில்லை.

2023 மே 5 அன்று உலகச் சுகாதார நிறுவனம் கோவிட் அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. அதற்கடுத்த சில மாதங்களில் எங்கள் ஐந்து நாள் விடுப்பும் சத்தமில்லாமல் விதிப்புத்தகத்திலிருந்து போய்விட்டது. ஜன்னல்களை மறுபடி அடைக்கலாமா, ஏசிச் செலவு குறையுமே என்று ஒரு கோப்பு என்னிடம் வந்தது. மீட்டர் எண்களைப் போட்டு, கூடாது என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். இரவல் மீட்டரைக் கொடுத்துவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். விடுப்பைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. போன வாரம் கணக்குப் பிரிவைக் கடந்து போகும்போது உள்ளே யாரோ இருமும் சத்தம் கேட்டது. நின்று, உள்ளே போய், யார் என்று பார்த்து, "வீட்டுக்குப் போப்பா, சம்பளத்துக்கு நான் பேசிக்கிறேன்" என்றேன். பேசினேன். இந்த முறை விட்டுவிட்டார்கள். கடிதத்தை நாளை மறுபடியும் அனுப்பப் போகிறேன், இந்தத் தடவை ஒப்பந்த ஊழியர்கள் அனைவரின் கையெழுத்தோடு.